சாட்சிக் கூண்டில் ஏறாத கதாநாயகி: ‘டினையல்’ படம் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ‘டினையல்’ (2016) என்ற ஆங்கிலப் படத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வந்தது. அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வட சென்னையிலிருந்து. படம் பார்க்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லரின் அரசு ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களைக் கொன்றது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதுபவர்களைப் பற்றி அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர் டெபரா லிப்ஸ்டாட் 1993-இல் ஒரு நூல் எழுதினார். அதில் தன் பெயர் கெட்டுவிட்டதாக டேவிட் இர்விங் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 1996-இல் லண்டனில் மானநஷ்ட வழக்குப் போட்டார். லிப்ஸ்டாட்டும் பதிப்பாளரான பெங்குயினும் பிரதிவாதிகள். 2000 ஜனவரி 11-இல் தொடங்கிய விசாரணையில் ஏப்ரல் 11-இல் தீர்ப்பு வந்தது, இர்விங் தோற்றார். படத்தின் இயக்குநர் மிக் ஜாக்சன், திரைக்கதை டேவிட் ஹேர்.

*

நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து பார்த்தோம். படம் முழுக்கக் கதாநாயகி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கோர்ட் படத்தில் அவர் கூண்டில் ஏறி நாலு வார்த்தை பேச வேண்டாமா? வெளிநாட்டு விமர்சகர்களும் இதையே குறை சொன்னார்களாமே?
— பெரம்பூர் வாசகர்

ஆம், சொன்னார்கள். படம் வெளிவந்தபோது கிளம்பிய முக்கியமான குறை இதுதான். ரேச்சல் வைஸ் போன்ற நடிகையை வைத்துக்கொண்டு அவரைப் பார்வையாளராக உட்கார வைத்துவிட்டார்கள், முடிவு முன்பே தெரிந்ததால் பதற்றம் இல்லை, காட்சியமைப்பு தொலைக்காட்சிப் படம் போல இருக்கிறது என்று எழுதினார்கள். இர்விங்காக வரும் திமோதி ஸ்பால், லிப்ஸ்டாட் தரப்பு வக்கீல் ராம்ப்டனாக வரும் டாம் வில்கின்சன் ஆகியோரின் நடிப்பைப் பாராட்டாத விமர்சனம் அரிது.

‘பராசக்தி’ (1952) வந்த நாளிலிருந்து நம் மனத்தில் நீதிமன்றம் என்றால் கூண்டில் நின்று மூச்சுவிடாமல் பேசுகிற இடம்தான். அந்த எதிர்பார்ப்போடு போனால் இந்தப் படம் ஏமாற்றும். ஆனால் அந்த மௌனம் திரைக்கதை ஆசிரியரின் விருப்பம் என்று எடுத்துக்கொண்ட விமர்சனங்கள் அடிப்படையிலேயே தவறுகின்றன. உண்மையான வழக்கிலும் லிப்ஸ்டாட் சாட்சி சொல்லவில்லை. நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பிய ஒருவரைக்கூட அழைக்கவில்லை. வழக்குத் தரப்பு தெரிந்தே எடுத்த முடிவு அது.

காரணங்கள் மூன்று. இர்விங் வக்கீல் வைக்காமல் தன் வழக்கைத் தானே நடத்தினார். உயிர் தப்பியவரைக் கூண்டில் ஏற்றியிருந்தால் அவரைக் குறுக்கு விசாரணை செய்திருப்பவர் இர்விங்தான். 1985-இல் கனடாவில், படுகொலை நடக்கவில்லை என்று சொன்ன எர்ன்ஸ்ட் சுண்டல் என்பவர் மீது நடந்த வழக்கில் உயிர் தப்பியவர்களைக் கூண்டில் வைத்துத் துருவியது அவர்களுக்கு எவ்வளவு கொடுமையாக இருந்தது என்பது எல்லோர் நினைவிலும் இருந்தது. இரண்டாவது, ஐம்பத்தைந்து ஆண்டுக்கு முந்தைய நினைவில் கதவு இடப்பக்கமா வலப்பக்கமா என்பது போன்ற ஒரு சின்னப் பிசகு வந்தாலும் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தச் சாட்சியத்தையும் கவிழ்க்கப் பார்ப்பார்கள். மூன்றாவதுதான் முக்கியம். யூதப் படுகொலை நடந்ததா என்பது வழக்கின் கேள்வியே இல்லை. இர்விங் ஆவணங்களை வேண்டுமென்றே திரித்தாரா என்பதுதான் கேள்வி. அதற்குச் சாட்சி அவருடைய புத்தகங்களும், அவற்றின் அடிக்குறிப்பில் அவரே காட்டிய மூல ஆவணங்களும்தான். ஆக, ‘நான் பேச வேண்டும்’ என்று தவிப்பவரிடம் ‘பேசாதீர்கள், காகிதம் பேசட்டும்’ என்று சொல்லும் படம் இது. கதாநாயகியின் அடக்கம் அதன் கரு.

படத்தின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சுட்டிய விமர்சனம் குறைவு. கேம்பிரிட்ஜ் வரலாற்றுப் பேராசிரியர் ரிச்சர்ட் எவன்ஸ், இரண்டு ஆய்வு மாணவர்களை உடன் வைத்துக்கொண்டு, இர்விங்கின் புத்தகங்களை அடிக்குறிப்பு அடிக்குறிப்பாக மூல ஆவணங்களோடு ஒப்பிட்டார். லிப்ஸ்டாட் தரப்புக்காக 700 பக்கத்தைத் தாண்டிய நிபுணர் அறிக்கை கொடுத்தார். வழக்கை வென்று கொடுத்தது அந்த உழைப்பு. படத்தில் அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ஒரு பயணம், பிறகு ராம்ப்டனின் கூர்மையான குறுக்கு விசாரணை, வெற்றி என்று பார்ப்பவர் நினைத்துவிடுகிறார். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதைச் சினிமாவாக எடுப்பது கடினம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் காகிதம் பேச வேண்டும் என்று சொல்லும் படம், காகிதத்தை வாசித்தவர்களை ஓரத்தில் நிறுத்தியிருக்கக் கூடாது.

*

குற்றம் சாட்டியவர் இர்விங். அப்படியிருக்க லிப்ஸ்டாட் ஏன் நிரூபிக்க வேண்டும்? நம் ஊரில் இப்படி ஒரு வழக்கு வந்தால்?
— சட்ட மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

இங்கிலாந்தின் மானநஷ்டச் சட்டத்தில், எழுதியது ஒருவரின் பெயரைக் கெடுக்கக்கூடியது என்று வாதி காட்டிவிட்டால், அது பொய் என்றே நீதிமன்றம் தொடங்கும். உண்மை என்று மெய்ப்பிக்கும் சுமை பிரதிவாதியின் தலையில். அமெரிக்காவில் இது தலைகீழ். இர்விங் போன்ற பொதுவாழ்வுப் பிரமுகர் வழக்குப் போட்டால், எழுதியது பொய் என்பதையும், பொய் என்று தெரிந்தோ உண்மையைப் பற்றி அக்கறையே இல்லாமலோ எழுதினார்கள் என்பதையும் அவரே காட்ட வேண்டும். லண்டனில் வழக்குப் போட்டதன் சூட்சுமம் அங்கேதான்.

எழுதிய ஒவ்வொரு வரியையும் நிரூபித்தாக வேண்டுமா என்றால், வேண்டாம். இங்கிலாந்தின் 1952-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி, முக்கியமான குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்பட்டால், மீதமுள்ள சின்னவை நிற்காமல் போனாலும் தற்காப்பு விழாது. இர்விங் தன் மேசைக்கு மேல் ஹிட்லர் படம் மாட்டியிருந்தார் என்பது போன்ற சிலவற்றை லிப்ஸ்டாட் தரப்பு நிரூபிக்கவில்லை. நீதிபதி கிரே அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படம் இதைத் தொடவே இல்லை. 2013-இல் இங்கிலாந்து சட்டம் திருத்தப்பட்டு, ‘கடுமையான பாதிப்பு’ இருந்ததை வாதி காட்ட வேண்டும் என்று வந்தது. உண்மையை நிரூபிக்கும் சுமை இன்றும் பிரதிவாதியிடமே இருக்கிறது.

நம் சிவில் வழக்கிலும் உண்மை முழுமையான தற்காப்பு, சுமை பிரதிவாதியிடம். குற்றவியல் அவதூறு என்றால் வேறு. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 499, 500 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாகிவிட்டன. அங்கே உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதை வெளியிட்டது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். தேர்வில் இந்த இரண்டையும் குழப்பி மதிப்பெண் இழக்காதீர்கள்.

*

ஒரு தளத்தில் இந்தப் படத்துக்கு 80-க்கு மேல், இன்னொன்றில் 63. எதை நம்புவது?
— கல்லூரி மாணவர், வியாசர்பாடி

இரண்டும் இரு வேறு அளவுகோல். ராட்டன் டொமேட்டோஸின் எண், நூறு விமர்சகர்களில் எத்தனை பேர் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ பக்கம் நின்றார்கள் என்ற சதவீதம். எல்லோரும் ஐந்துக்கு மூன்று போட்டாலும் அது 100 சதவீதம் காட்டும். மெட்டாகிரிட்டிக் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் கணித்து, சில ஏடுகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. முதல் எண் உயரமாகவும் இரண்டாவது 60-களிலும் இருந்தால் பொருள் இதுதான்: பெரும்பாலோருக்குப் பிடித்தது, வெகு சிலரே தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ‘டினையல்’ சரியாக அந்த இடத்தில் நிற்கிறது. பிரிட்டிஷ் அகாடமி விருதில் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

வெளியான நாளையும் சேர்த்துப் படியுங்கள். அமெரிக்காவில் 2016 செப்டம்பர் 30, அதாவது அங்கே அதிபர் தேர்தலுக்குச் சில வாரம் முன். பிரிட்டனில் 2017 ஜனவரி 27, யூதப் படுகொலை நினைவு நாள். உண்மைக்கு மதிப்பு குறைந்துவிட்டதா என்ற பேச்சு எங்கும் நடந்துகொண்டிருந்த நேரம். அந்த ஆண்டு விமர்சனங்கள் பல, பாதி படத்தைப் பற்றியும் பாதி அன்றைய அரசியலைப் பற்றியும் எழுதப்பட்டவை.

*

இர்விங் ஆவணத்தைத் திரித்தார் என்று படம் சொல்கிறது. எப்படித் திரித்தார் என்பது வேகமாக ஓடிவிடுகிறது. ஓர் உதாரணமாவது விளக்கமாகச் சொல்லுங்கள்.
— ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர், தண்டையார்பேட்டை

எழுத்துக் கோத்த கைக்கு இந்த உதாரணங்கள் உடனே பிடிபடும்.

முதலாவது, 1941 நவம்பர் 30. எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர் தொலைபேசியில் பேசியவற்றைக் கையால் குறித்து வைத்த தாள் இருக்கிறது. அன்றைய குறிப்பில் ‘பெர்லினிலிருந்து யூதர் ரயில். கொல்ல வேண்டாம்’ என்ற பொருளில் ஒரு வரி. ஜெர்மன் மூலத்தில் ரயில் என்ற சொல் ஒருமை. குறிப்பிட்ட ஓர் ஊரிலிருந்து சென்ற ஒரே ரயில். இர்விங் அதை எல்லா யூதர்களையும் கொல்லக் கூடாது என்று ஹிட்லர் இட்ட ஆணைக்குச் சான்று என்று எழுதினார். உத்தரவு ஹிட்லருடையது என்பதற்கு அந்தத் தாளில் ஒரு சொல்லும் கிடையாது. அந்த ரயிலில் ரீகா நகருக்கு வந்த ஏறத்தாழ ஆயிரம் பேரும், தொலைபேசிப் பேச்சுக்கு முன்பே, அன்று காலையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார்கள்.

மறுநாள் குறிப்பு இன்னும் துல்லியமானது. எஸ்.எஸ். நிர்வாக அதிகாரிகள் ‘இருக்க வேண்டும்’ என்கிறது அந்த வரி. அதில் வரும் ‘ஹாபன்’ என்ற வினைச்சொல்லை இர்விங் ‘யூடன்’, அதாவது யூதர்கள் என்று வாசித்தார். அப்படி வாசித்தால் யூதர்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று பொருள் மாறிவிடுகிறது. பழைய கையெழுத்தில் ஒரு சொல் பிசகுவது யாருக்கும் நேரும், அதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

டிரெஸ்டன் நகரக் குண்டுவீச்சு மூன்றாவது. 1945 பிப்ரவரியில் நேச நாடுகள் குண்டு வீசியதில் இறந்தவர் எத்தனை? நகரக் காவல்துறையின் 47-ஆம் எண் நாளாணை 20,204 உடல்கள், மொத்தம் 25,000 வரை இருக்கலாம் என்றது. பின்னாளில் உலவிய போலிப் படியில் எண்கள் 202,040, 250,000. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு பூஜ்யம் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். நாஜிகளின் பிரசாரத்துக்கு உதவிய அந்தப் படியை இர்விங் பயன்படுத்தினார். ஐயப்படக் காரணங்கள் வந்த பிறகும் பெரிய எண்களை விடவில்லை.

இப்போது எவன்ஸின் வாதத்துக்கு வரலாம். காசிமேட்டு ஏலத்தில் தராசு பழுதானால் ஒருநாள் வாங்குபவருக்கு நூறு கிராம் கூடும், ஒருநாள் குறையும். நாள் தவறாமல் விற்பவர் பக்கமே சாய்ந்தால் அது பழுது கிடையாது, தட்டின் அடியில் எதையோ ஒட்டியிருக்கிறார்கள். இர்விங்கின் பிழைகள் ஒன்றுவிடாமல் ஹிட்லரைக் காப்பாற்றும் பக்கமே சாய்ந்தன. தனித்தனிப் பிழை எதையும் நிரூபிக்காது. பிழைகள் சாயும் திசைதான் நோக்கத்தைக் காட்டிக் கொடுத்தது. தீர்ப்பும் இதை ஏற்றது.

*

கெமிக்கல் லேபில் வேலை செய்கிறேன். விஷவாயு அறைச் சுவரில் சயனைடு குறைவாக இருந்தது என்று ஓர் அறிக்கை படத்தில் வருகிறது. பேன் ஒழிக்கும் அறையில் அதிகமாக இருந்ததாமே. அது எப்படிச் சரியாகும்?
— மணலி வாசகர்

1988-இல் கனடாவில் நடந்த சுண்டல் வழக்கின் மறுவிசாரணைக்காக லூக்டர் என்ற அமெரிக்கர், ஆஷ்விட்ஸில் விஷவாயு அறைகளே இல்லை என்று காட்டத் தயாரித்த அறிக்கை அது. இர்விங் மறுப்பாளர் பக்கம் முழுமையாகச் சாய்ந்தது அதைப் படித்த பிறகுதான். மாதிரி எடுத்த முறையிலேயே அது பிசகியது.

ஹைட்ரஜன் சயனைடுக்கு மனிதர்கள் எளிதில் பலியாவார்கள். காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு இருந்தாலே சில நிமிடங்களில் உயிர் போகும். பேனுக்கும் அதன் முட்டைக்கும் அதைப் போலப் பல மடங்கு செறிவும், பல மணி நேரமும் வேண்டும். எனவே துணி வைத்துப் பேன் ஒழித்த அறைச் சுவரில் சயனைடு கூடுதலாகத் தங்குவதுதான் இயல்பு. அறிக்கை இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு, மனிதர்களைக் கொல்லத்தான் அதிகம் தேவை என்று கணக்குப் போட்டது.

இரண்டாவது, சயனைடு சுவரின் மேற்பரப்பில் சுமார் 10 மைக்ரான் ஆழமே செல்லும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. மேற்பரப்பைச் சுரண்டி எடுக்க வேண்டிய இடத்தில் அவர் உளியால் கனமான துண்டுகளைப் பெயர்த்தார். எங்கிருந்து எடுத்தது, எதற்காக என்று சொல்லாமல் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அவர்கள் துண்டு முழுவதையும் பொடித்தார்கள். மேல்தோலில் இருந்த அளவு உள்ளே இருந்த வெறும் செங்கல்லோடும் காரையோடும் கலந்து நீர்த்துப்போனது. அந்த அறைகள் 1945 தொடக்கத்தில் தகர்க்கப்பட்டு, நாற்பது ஆண்டுக்கு மேல் மழையிலும் வெயிலிலும் கிடந்த இடிபாடுகள் என்பது தனி. அறிக்கையில் பிழைகள் உண்டு என்று இர்விங்கே குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

*

எது நிஜம், எது சினிமா?
— ராயபுரம் வாசகர்

நீதிமன்றத்துக்குள் பேசப்படுவது அதிகாரபூர்வ விசாரணைப் பதிவிலிருந்து எடுத்தது. டேவிட் ஹேர் தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு அது. சுருக்கியிருக்கிறார்: 32 நாள் விசாரணை சில காட்சிகளில் அடங்குகிறது. வெளியே நடப்பதில் சேர்க்கை உண்டு. உயிர் தப்பியவராக வரும் முதிய பெண்மணி, படத்துக்காக உருவாக்கிய பாத்திரம். விருந்துகள், ஹோட்டல் அறைப் பேச்சுகள் நாடகத் தேவைக்கு ஏற்ப எழுதப்பட்டவை.

நம்ப முடியாதது போலத் தோன்றும் தொடக்கக் காட்சி நிஜம். 1994-இல் அட்லாண்டா அருகே ஒரு கல்லூரியில் லிப்ஸ்டாட் பேசியபோது, கூட்டத்திலிருந்து இர்விங் எழுந்து, ஹிட்லர் ஆணையிட்டதற்கு ஆவணம் காட்டினால் ஆயிரம் டாலர் தருகிறேன் என்று நோட்டுக் கட்டை அசைத்தார். விசாரணையின் கடைசிக் கட்டத்தில், ஒருவர் மனதார யூத வெறுப்பை நம்பினால் அவரை எப்படிப் பொய்யர் என்பது என்று நீதிபதி கேட்டு வயிற்றைக் கலக்குகிறாரே, அதுவும் பதிவில் இருக்கிறது.

*

எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டபோது செண்பகராமன் பிள்ளை கப்பலில் இருந்தார் என்று சிறுவயதிலிருந்து கேட்கிறோம். இந்தப் படத்தின் முறையில் அதைச் சோதித்தால் நிற்குமா?
— தங்கசாலைத் தெரு வாசகர்

உங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில், உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அந்தக் குண்டுவீச்சின் நினைவுக்கல் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. இவ்வளவும் பல தரப்பு ஆவணங்களில் ஒத்துப்போகும் செய்தி. யாரும் சந்தேகிக்கவில்லை.

செண்பகராமன் விஷயத்தை மூன்று கேள்வியில் சோதிக்கலாம். கப்பல் எங்கே இருந்தது? ஆகஸ்டில் சீனக் கடற்கரையின் சிங்தாவ் துறையிலிருந்து புறப்பட்டு, பசிபிக் தீவுகள் வழியாகச் செப்டம்பரில் வங்காள விரிகுடாவுக்கு வந்தது. அவர் எங்கே இருந்தார்? அதே 1914 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், இந்திய விடுதலைக்கு ஆதரவான குழுவின் தலைவராக ஜெர்மன் தூதரகத்தோடு தொடர்பு கொண்டிருந்தார். இரண்டும் எந்தத் துறைமுகத்தில், எந்தத் தேதியில் சந்தித்திருக்க முடியும்? இந்த மூன்றாவது கேள்விக்கு அந்தக் கதையைச் சொல்பவர்கள் எவரும் தேதியும் இடமும் காட்டியதில்லை. நிற்காது என்பதுதான் எங்கள் முடிவு.

இதனால் அவருடைய தியாகத்தில் ஒரு குன்றிமணியும் குறையாது. பெர்லினில் அவர் செய்த வேலைக்கு ஆவணங்கள் உண்டு. அவற்றை வைத்தே அவரைப் போற்றலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கதையை நம்புகிறவர் கேள்விப்பட்டதை அன்போடு திருப்பிச் சொல்கிறார். இர்விங் மூல ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றிச் சொன்னார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

*

தமிழில் துணையுரை எழுதிப் பார்க்கிறேன். சட்டச் சொற்கள் படுத்துகின்றன. எங்கே கவனமாக இருக்க வேண்டும்?
— கொருக்குப்பேட்டை வாசகர்

நான்கு இடங்களில் வழுக்கும். ‘ஜஸ்டிஃபிகேஷன்’ என்று வக்கீல்கள் சொல்வது நியாயப்படுத்தல் கிடையாது. ‘எழுதியது உண்மையே’ என்ற தற்காப்பு. உண்மைத் தற்காப்பு என்று போடுங்கள். ‘டிஸ்கவரி’ என்றால் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடாதீர்கள். எதிர்த்தரப்பு தன்னிடம் உள்ள ஆவணங்களைக் காட்ட வேண்டிய கட்டம் அது. அதன் வழியாகத்தான் இர்விங்கின் நாட்குறிப்புகள் வந்து சேர்ந்தன. ஆவண வெளிப்படுத்தல் பொருந்தும். சொலிசிட்டர், பாரிஸ்டர் என்ற பிரிவு நம் ஊரில் இன்று இல்லாததால் பார்வையாளர் குழம்புவார். லிப்ஸ்டாட் தரப்பில் ஜூலியஸ் வழக்கைத் தயாரிக்கும் சொலிசிட்டர், ராம்ப்டன் வாதாடும் பாரிஸ்டர். முதல் முறை வரும்போது அப்படியே விளக்கிவிட்டு, பிறகு இருவரையும் வக்கீல் என்றே விடலாம்.

படத்தின் பெயர்தான் நான்காவது. ‘மறுப்பு’ என்றால் பேட்டியில் ஒரு செய்தியை மறுப்பது போலத் தொனிக்கும். ‘நடக்கவே இல்லை என்பது’ என்ற பொருள் அதில் ஏறவில்லை. தமிழில் ஒற்றைச் சொல் தேடி மெனக்கெடாமல் ‘டினையல்’ என்றே விட்டு, உரையாடலில் ‘படுகொலையே நடக்கவில்லை என்பவர்கள்’ என்று விரித்து எழுதுவது நல்லது.

வரி நீளமும் முக்கியம். ஒரு திரையில் இரண்டு வரி, வரிக்குச் சுமார் 35 எழுத்துக்கு மேல் போகாதீர்கள். குறுக்கு விசாரணையில் கேள்வியும் பதிலும் ஒரே திரையில் வந்தால், இர்விங் திணறி நிற்கும் இடைவெளி செத்துவிடும். பதிலைத் தனித் திரையில் வையுங்கள்.

*

வகுப்பில் இந்தப் படத்துக்கு விமர்சனக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். எப்படித் தொடங்குவது?
— முதலாண்டு மாணவி, திருவொற்றியூர்

இரண்டு முறை பாருங்கள். படம் 110 நிமிடம். முதல் முறை நிறுத்தாமல், குறிப்பு எடுக்காமல். இரண்டாம் முறை ஒரு நோட்டில் மூன்று பத்தி கிழித்துக்கொள்ளுங்கள்: நேரம், என்ன பேசப்பட்டது, எந்த ஆவணம் காட்டப்பட்டது. நீதிமன்றக் காட்சிகளுக்கு மட்டும் இது போதும்.

பிறகு தீர்ப்பை எடுங்கள். முந்நூறு பக்கத்துக்கு மேல், முழுதும் வேண்டாம். 13-ஆம் பகுதியில் நீதிபதியின் முடிவுகள் இருக்கின்றன, அதை முதலில் படியுங்கள். பிறகு இர்விங்கின் வரலாற்று முறை பற்றிய 5-ஆம் பகுதியில் ஏதாவது ஓர் உதாரணத்தை மட்டும். இணையத்தில் தீர்ப்பும் விசாரணைப் பதிவும் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் நோட்டிலிருந்து மூன்று உரையாடல்களைத் தேர்ந்து பதிவோடு ஒப்பிடுங்கள். எதை வெட்டினார்கள், வெட்டியதால் பொருள் மாறியதா என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. உங்கள் கட்டுரையின் உயிர் அந்த ஆறு வரிதான்.

மாணவர் கட்டுரைகள் வழக்கமாகக் கெடுவது கதைச் சுருக்கத்தில். பாதிப் பக்கத்துக்கு மேல் கதை போனால் வெட்டுங்கள். மற்ற விமர்சனங்களைக் கட்டுரை எழுதி முடித்த பிறகே படியுங்கள். முன்பே படித்தால் ‘கதாநாயகி செயலற்றவர்’ என்ற வாசகம் உங்களை அறியாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். நடிப்பைப் பற்றிச் சொல்லும்போது ‘அருமை’ என்று முடிக்காமல் ஒரு செயலைச் சுட்டுங்கள்: குறுக்கு விசாரணையில் ராம்ப்டனாக வரும் வில்கின்சன் இர்விங்கின் முகத்தைப் பார்க்காமலே கேள்வி கேட்பது போல.

*

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?
— ஆசிரியை, எண்ணூர்

காட்டலாம். அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்டோர் பெற்றோர் கவனத்தோடு பார்க்க வேண்டிய படம் என்றே சான்று. கொலைக் காட்சிகள் நேராக இல்லை. ஆஷ்விட்ஸ் இடிபாடுகளும் இனவெறிப் பேச்சும் உண்டு. இர்விங் தன் கைக்குழந்தையான மகளுக்காக எழுதிய இனவெறிப் பாட்டு நீதிமன்றத்தில் வாசிக்கப்படும் காட்சியில் நிறுத்தி, ஒரு வரலாற்று நூல் வழக்கில் இந்த நாட்குறிப்பு எதற்காக வந்தது என்று கேளுங்கள். முதல் நாள் அரை மணி நேரம் போரின் பின்னணியைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முதல் இருபது நிமிடம் யார் யார் என்பதிலேயே போய்விடும். வீட்டுச் சந்தாக் கணக்கில் பள்ளி அரங்கில் திரையிட அந்தத் தளங்களின் விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை; விநியோக உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.